கடலில் சிறிய செங்குத்து அச்சுக் காற்றாலை: பிளேடு வடிவத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிதவைக்கும் சிறு படகுக்கும் செங்குத்து அச்சுக் காற்றாலை செய்ய ஆசைப்படும் இளைஞர்கள் வரைபடங்களோடு என்னிடம் வருவதுண்டு. நாங்கள் இடறிய அதே இடத்தில்தான் அவர்களும் இடறுகிறார்கள். போல்ட் தளர்வது, எடை சமமில்லாமல் ஆடுவது எல்லாம் முதல் நாளே தெரிந்துவிடும். பிளேடின் குறுக்குவெட்டில் செய்த தவறு, மோல்டுக்குக் காசு கொடுத்த பிறகுதான் தெரியும்.

பெரிய விமானத்துக்கான வரைபடத்தைப் பார்ப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். பழைய பாடநூல்களில், பிளேடு வடிவங்களின் தூக்குவிசையையும் இழுவையையும் காட்டும் நாகா (NACA, அமெரிக்காவின் பழைய விமான ஆய்வு அமைப்பு) வரைபடங்கள் பெரும்பாலும் ரெனால்ட்ஸ் எண் (வேகமும் பிளேடின் அளவும் சேர்ந்து காற்றோட்டத்தின் தன்மையைச் சொல்லும் எண்) 30 லட்சத்திலும் அதற்கு மேலும் எடுத்தவை. உங்கள் கணக்கைப் போடுங்கள். விட்டம் 2 மீட்டர், நாண் (பிளேடின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையுள்ள அகலம்) 15 செ.மீ., காற்று நொடிக்கு 6 மீட்டர், பிளேடு அதைப்போல் இரண்டரை மடங்கு வேகம். எண் ஒன்றரை லட்சம்தான் வரும். கிளம்பும்போது வெறும் 60 ஆயிரம். அந்த நிலையில் காற்று பிளேடை ஒட்டி ஓடாமல் சீக்கிரமே பிரிந்துவிடும்.

ஒரு குழு, தூக்குவிசைக்கும் இழுவைக்கும் உள்ள விகிதம் எதில் அதிகம் என்று மட்டும் பார்த்து, கிடை அச்சுக் காற்றாலைக்கான மெல்லிய, வளைந்த வடிவத்தை எடுத்தது. கையிலிருந்த பணம் மோல்டுக்கே போய்விட்டது. வேலை அவ்வளவு நேர்த்தி. கரையில் நிறுத்தினார்கள், நல்ல காற்று. கால் சுற்று போனது, தயங்கியது, பின்னால் வந்து நின்றது. கையால் சுற்றிவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது.

செங்குத்து அச்சில் பிளேடு ஒவ்வொரு சுற்றிலும் காற்றை ஒருமுறை வெளிப்பக்கமும் ஒருமுறை உள்பக்கமும் வாங்கும். ஒரு பாதியில் உதவும் வளைவு மறுபாதியில் எதிராக நிற்கும். அப்புறம் காற்று பிளேடில் படும் கோணம்: காற்றைப்போல் இரண்டரை மடங்கு வேகத்தில் அது இரு பக்கமும் 23 டிகிரி வரை போகும், நான்கு மடங்கிலும் 14 டிகிரி. வரைபடத்தின் உச்சப் புள்ளியைப் பிளேடு கடந்து போகிறதே தவிர அங்கே தங்குவதில்லை. எனவே 1 முதல் 2 லட்சம் ரெனால்ட்ஸ் எண்ணில், ஸ்டாலுக்குப் பிறகு, அதாவது கோணம் அதிகமாகிக் காற்று பிளேடைவிட்டுப் பிரிந்த பிறகு, தூக்குவிசை எவ்வளவு மெதுவாக விழுகிறது என்று பாருங்கள். 18 முதல் 21 சதவீதத் தடிமனுள்ள சமச்சீர் வடிவத்தில் தொடங்குவது நல்லது.

அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் தன் 34 மீட்டர் காற்றாலைக்கென்றே உருவாக்கிய வடிவத்தைச் சுருக்கிப் போடுகிறவர்களும் உண்டு. அது ஏறக்குறைய 1 மீட்டர் நாணுக்கானது. சுருக்கினால் ரெனால்ட்ஸ் எண் இறங்கிவிடும், பழைய கதைதான்.

உப்பை மறப்பது

லாமினார் வடிவங்கள், அதாவது காற்று கலையாமல் சீராக ஓடும்படி அமைத்தவை, கணினியில் அழகாக இருக்கும். கடலில் கொஞ்ச நாள் நின்ற பிளேடின் முன்விளிம்பைத் தடவிப் பாருங்கள், உப்பு மணல்தாள்போல் உரசும். காற்றோட்டம் அங்கேயே கலைந்துவிடும், நீங்கள் நம்பியிருந்த குறைந்த இழுவையும் போய்விடும். பிளேடு வடிவத்தைக் கணக்கிடும் எக்ஸ்ஃபாயில் (XFOIL) மென்பொருளில் முன்விளிம்பிலேயே ஓட்டம் கலைவதாக வைத்து இன்னொரு முறை ஓட்டுங்கள். அதிலும் தாக்குப்பிடிக்கும் வடிவம்தான் கடலுக்கு ஆகும்.

மெல்லிய பிளேடு

வேண்டாம். 1 மீட்டர் ஆரத்தில் நொடிக்கு 30 மீட்டர் வேகம் என்றால், பிளேடின் ஒவ்வொரு கிலோவும் 90 கிலோ எடைக்கு மேல் வெளியே இழுக்கும். மெல்லிய பிளேடு அதைத் தாங்காது.

கத்திபோன்ற பின்விளிம்பு

படகில் ஏற்றும்போதே சிதையும்.

நாணை நீட்டிவிட்டு, பொருத்தும் இடத்தை மறப்பது

ரெனால்ட்ஸ் எண்ணை ஏற்ற நாணை நீட்டலாம், சரி. ஆனால் பிளேடு வட்டத்தில் ஓடுவதால், ஆரத்தோடு ஒப்பிட நாண் நீளமானால் சமச்சீர் வடிவமும் வளைந்த வடிவம் மாதிரி நடந்துகொள்ளும். பிளேடை அச்சோடு இணைக்கும் தாங்குகை நாணில் எந்த இடத்தில் சேர்கிறது என்பதைப் பொறுத்து உண்மையான கோணமும் மாறும். நாணை மாற்றினால் அந்த இடத்தையும் புதிதாகக் கணக்கிட்டுவிட்டு, அப்புறம் மோல்டுக்குக் கொடுங்கள்.