வெயிலில் 4 டிகிரிக்கு வராத சென்ட்ரிஃபியூஜ்: என் அனுபவம்

மதுரையில் சித்திரை பிறந்துவிட்டால் லேபில் ஏசி ஓடினாலும் போதாது. எங்கள் குளிரூட்டும் சென்ட்ரிஃபியூஜ் (மாதிரிகளை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் மெஷின்) 4 டிகிரி வைத்தால் 11-க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்றது. எலி ஈரலிலிருந்து மைட்டோகாண்ட்ரியா பிரிக்கும் வேலை. 10,000 ஜி-யில், அதாவது புவியீர்ப்பைப் போல 10,000 மடங்கு விசையில், 10 நிமிடம் சுற்றும்போது சூடேறினால் அத்தனை உழைப்பும் வீண்.

சர்வீஸுக்குச் சொன்னால், குளிரூட்டும் கேஸ் போயிருக்கும் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. மார்கழியில் இதே மெஷின் ஒழுங்காகத்தான் குளிர்ந்தது. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு கிரில்லைக் கழற்றினேன். சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரின் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி அப்பிக் கிடந்தது. டார்ச் அடித்தால் மறுபக்கம் வெளிச்சமே வரவில்லை. தகடு வளையாதபடி பெயிண்ட் பிரஷால் மேலிருந்து கீழாக நீவி, உதிர்ந்ததை வேக்குவம் கிளீனரால் இழுத்தேன். சுவரை ஒட்டி நின்ற மெஷினை ஒரு சாண் முன்னால் நகர்த்தியதும் சூடான காற்று வெளியேற வழி கிடைத்தது. அன்று சாயங்காலமே 4-ஐத் தொட்டுவிட்டது!

இன்னொன்று, எங்கள் மெஷினின் திரையில் தெரிவது சேம்பரின், அதாவது உள்ளறையின், வெப்பநிலைதான். அதற்குள் மாதிரிக் குழாய்களைத் தாங்கிச் சுழலும் ரோட்டர் கனத்த உலோகம், மெதுவாகத்தான் குளிரும். அதனால் அதை முதல் நாளே குளிர் அறையில் வைத்துவிடுகிறோம். வேலை முடிந்ததும் சேம்பரில் கோத்த நீரைத் துடைத்து, மூடியைத் திறந்தே விடுகிறோம். ஈரம் தேங்கினால் உள்ளே அரிப்பு பிடிக்கும்.