டைமர் டிரைவரில் மீதியைத் தொலைக்காதீர்கள்

நேரம் சரிபார்த்து வைத்துவிட்டுப் போன போர்டு, மறுநாள் அதே நேரத்தில் பார்த்தால் 34 நிமிடம் முந்தி ஓடியிருந்தது. டைமருக்குத் துடிப்புத் தரும் கிரிஸ்டல் மேல் சந்தேகப்பட்டு அதை மாற்றினோம். அடுத்த நாளும் அதே 34 நிமிடம். கெட்டுப்போன கிரிஸ்டல் இத்தனை ஒழுங்காகத் தப்புக் காட்டாது. கோளாறு டைமரை இயக்கும் மென்பொருளான டிரைவரில், ஒரே ஒரு வகுத்தலில் இருந்தது.

கைக்கடிகாரங்களில் இருக்கும் அதே 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல்தான், நொடிக்கு அத்தனை துடிப்பு. மில்லிநொடிக்கு ஒரு டிக் (நேரத்தை ஒரு படி கூட்டும் சமிக்ஞை) வேண்டுமென்றால் 32768ஐ 1000ஆல் வகுக்க வேண்டும்; விடை 32.768. சி மொழியின் முழு எண் வகுத்தல் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டி எறிந்து 32ஐ மட்டும் தரும். டிக் ஒவ்வொன்றும் சற்று முன்னதாகவே வந்து, நாளொன்றுக்கு 2,073 நொடி கூடிவிடும். 33 என்று வைத்தாலும் விடிவில்லை, இப்போது 10 நிமிடம் பின்தங்கும்.

மீதியைச் சேர்த்து வைப்பதுதான் வழி. மீதி 768. டிக்குக்கு ஒருமுறை அதை ஒரு மாறியில் கூட்டுங்கள். கூட்டல் 1000ஐத் தொட்டாலோ தாண்டினாலோ 1000ஐக் கழித்துவிட்டு அந்த டிக்குக்கு மட்டும் 33 கொடுங்கள், இல்லையென்றால் 32. ஆயிரம் டிக்கில் 768 முறை 33, 232 முறை 32. கூட்டிப் பாருங்கள், சரியாக 32,768 வரும். தனி டிக் கொஞ்சம் முன்பின் இருக்கும், ஆனால் தவறு நாளுக்கு நாள் சேராது.

சேரும் தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதை 1991 பிப்ரவரி 25 அன்று சவூதியின் தஹ்ரான் காட்டியது. வரும் ஏவுகணையை வானிலேயே வீழ்த்தும் பேட்ரியாட் அமைப்பு, இரும எண்ணில் முடியாமல் நீளும் 0.1 நொடியை 24 பிட்டில் வெட்டி வைத்திருந்தது. 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் பிசகு 0.34 நொடி. அதற்குள் ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். குறி தவறியது, 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள்.

அடுத்த தவறு, பெருக்கும் முன்பே வகுத்துவிடுவது. 30 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் ஒரு எண்ணிக்கைக்கு 33.33 நானோநொடி. அதை முதலிலேயே 33 ஆக்கிவிட்டு 10 லட்சம் நானோநொடியை (ஒரு மில்லிநொடி) அதனால் வகுத்தால் 30,303 வரும்; வர வேண்டியது 30,000. ஒரு சதவீதம் போச்சு. நேரத்தைக் கிளாக் வேகத்தால் முதலில் பெருக்குங்கள், கடைசியில் ஒரே முறை வகுங்கள். அந்தப் பெருக்கல் 32 பிட்டில் அடங்காது, 64 பிட் மாறி கட்டாயம்.

வகுத்த விடையை மேலா கீழா, எந்தப் பக்கம் முழு எண்ணாக்குவது? இதைத்தான் பலரும் யோசிப்பதே இல்லை. காத்திருப்பு நேரம் என்றால் மேல்நோக்கி, ஏனென்றால் கேட்டதற்கு முன் டைமர் அடித்தால் சாதனம் தயாராகியிருக்காது. வெளியீட்டை வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் பிடபிள்யூஎம்மில் லினக்ஸின் மையமான கெர்னலின் வழக்கம் வேறு: மதிப்பை எழுதும்போது கீழ்நோக்கி, திரும்பப் படிக்கும்போது மேல்நோக்கி. முதலில் எனக்கு இது விசித்திரமாகப் பட்டது. கணக்குப் போட்டதும் புரிந்தது. அதே 30 மெகாஹெர்ட்ஸில் ரெஜிஸ்டரில் (டைமர் எண்ண வேண்டிய எண்ணை வைக்கும் இடம்) 4 இருக்கிறது, அதாவது 133.33 நானோநொடி. படிக்கும்போது கீழே வெட்டி 133 சொன்னால், அந்த 133ஐத் திரும்ப எழுதும்போது 3.99 ஆகி 3 உட்காரும். யாரும் எதையும் மாற்றாமலே வெளியீடு மாறிவிட்டது! 134 என்று சொன்னால் 4.02, அது 4ஆகவே நிற்கும்.

ரெஜிஸ்டர் N என்றால் N+1 எண்ணும் டைமர்களும் உண்டு. எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர் சிப்கள் அப்படித்தான். 1000 எண்ண வேண்டுமானால் 999 எழுத வேண்டும். 1000 எழுதினால் நாளுக்குச் சுமார் 86 நொடி போகும். தரவுத்தாளை ஒருமுறை பார்த்தாலே தவிர்க்கலாம்.

சோதிக்கும்போது 100, 200, 1000 நானோநொடி என்று பூஜ்யத்தில் முடியும் எண்களாகக் கொடுக்காதீர்கள். 30 மெகாஹெர்ட்ஸில் அவை எல்லாமே மீதியில்லாமல் வகுபடும், பிழை தலைகாட்டாது. 133, 233 கொடுங்கள். ரெஜிஸ்டர் ஏற்கும் ஒவ்வொரு மதிப்பையும் எழுதி, படித்து, படித்ததையே மறுபடி எழுதி, முதல் மதிப்பே வருகிறதா என்று ஒரு லூப்பில் ஓட்டிப் பாருங்கள். 16 பிட் டைமருக்கு அது 65,536 சுற்றுதான்.