சிங்கப்பூரின் 1965: காலக்கோடு வரையும் முறை

கோட்டை ஜனவரியில் தொடங்காதீர்கள். 1963 செப்டம்பர் 16 அன்று சிங்கப்பூரையும் சேர்த்து மலேசியா உருவானதும், 1964 ஜூலை, செப்டம்பர் இனக்கலவரங்களும் இடது ஓரத்தில் இல்லாவிட்டால் 1965-இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்ததற்குக் காரணமே தெரியாது.

மாதத்துக்கு 5 செ.மீ. வீதம் 60 செ.மீ. கோடு போதும். மேலே அரசியல், கீழே, மலேசியா உருவானதை எதிர்த்த இந்தோனேசியாவுடனான மோதல். மார்ச் 10 அன்று சிங்கப்பூரின் மெக்டொனால்ட் ஹவுஸ் கட்டடத்தில் இந்தோனேசியப் படையினர் நடத்திய குண்டுவெடிப்பு கீழே வரும். அதில் மூவர் உயிரிழந்தனர்.

ஆகஸ்டுக்குத் தனித்தாள் வேண்டும். பிரிவினை ஒப்பந்தத்தில் கையெழுத்தானது 7-ஆம் தேதி, அறிவிப்பு 9-ஆம் தேதி. பலர் இரண்டையும் ஒரே புள்ளியில் வைத்துவிடுகிறார்கள். அப்போது விஷயம் ரகசியமாக இருந்த இரண்டு நாள் காணாமல் போகிறது. அந்த ஆண்டின் உயிர்நாடியே அதுதான்.

செப்டம்பர் 21, ஐ.நா. உறுப்புரிமை.

அதிகம் தடுமாறும் இடம் டிசம்பர் 22. சிங்கப்பூரைக் குடியரசாக்கிய சட்டத்திருத்தம் அன்றுதான் நிறைவேறியது, ஆனால் ஆகஸ்ட் 9 முதலே செல்லும். யூசோஃப் இஷாக் சிங்கப்பூரின் முதல் அதிபரான நாள் நூலுக்கு நூல் மாறுவதும் இதனால்தான். நிறைவேறிய நாளுக்கு நிரப்பிய வட்டம், நடைமுறைக்கு வந்த நாளுக்கு வெற்று வட்டம் இட்டு, புள்ளிக்கோட்டால் இணையுங்கள்.

கீழ்வரிசையை டிசம்பரில் மூடாமல் அம்புக்குறி போடுங்கள். மோதல் முடிந்தது 1966 ஆகஸ்டில்.