முதல் ஐடி வேலை: டெக்னிக்கல் இன்டர்வியூவுக்கு வாய்விட்டுப் படியுங்கள்

சின்ன வயதில் வாய்ப்பாட்டை எப்படிப் படித்தோம்? வாய்விட்டு, சத்தமாக. மனதுக்குள்ளேயே படித்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், வாத்தியார் எழுப்பிவிட்டு "ஏழெட்டு?" என்று கேட்கும்போதுதான் நிலவரம் தெரியும். டெக்னிக்கல் இன்டர்வியூவுக்குத் தயாராவதும் இப்படித்தான் என்பது என் அனுபவம்.

நான் சென்னை ஓஎம்ஆரில் டெவலப்பராக இருக்கிறேன், சில வருடங்களாக ஃப்ரெஷர்களுக்கு இன்டர்வியூ எடுக்கிறேன். வருகிறவர்களில் நிறையப் பேருக்கு விடை தெரிந்திருக்கிறது, ஆனால் அந்த விடைக்கு எப்படி வந்தார்கள் என்று சொல்லத் தெரிவதில்லை. என் முதல் வாய்ப்பும் அப்படித்தான் போனது. இருபது நிமிடம் தலை நிமிராமல் பேப்பரில் எழுதினேன், ப்ரோக்ராம் கோடு ஏறக்குறைய சரி, எதிரில் இருந்தவர் இரண்டு முறை "என்ன யோசிக்கிறீங்க?" என்று கேட்டதற்கு "ஒரு நிமிஷம் சார்" என்று மட்டும் சொன்னேன். அடுத்த சுற்றுக்குக் கூப்பிடவில்லை. இன்று அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் அவருக்கு ஏன் என்னைப் பற்றி எழுத ஒன்றுமே கிடைக்கவில்லை என்று புரிகிறது.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: எந்தச் சுற்றுக்குத் தயாராகிறீர்கள் என்று பாருங்கள்

பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் முதலில் ஆன்லைன் தேர்வு இருக்கும்: ஆப்டிட்யூட், ஆங்கிலம், ஒன்றிரண்டு கோடிங் கணக்கு. இதற்கு வேகம் வேண்டும், அதனால் கடிகாரத்தை வைத்துக்கொண்டு தினமும் அரை மணி நேரம் ஆப்டிட்யூட் போடுங்கள், அது போதும். ப்ராடக்ட் கம்பெனிகளில் ப்ரோக்ராமிங்தான் முக்கியம். சோஹோ மாதிரி இடங்களில் ரயில் டிக்கெட் புக்கிங், டாக்ஸி புக்கிங் போன்ற ஒரு சின்ன அப்ளிகேஷனையே சில மணி நேரத்தில் கன்சோலில் எழுதச் சொல்லும் சுற்று உண்டு. அங்கே கணக்கு மட்டும் போட்டுப் பழகியவர்கள் திணறுவார்கள், ஏனென்றால் எந்த கிளாஸ் எதை வைத்திருக்கும், ஒரு டிக்கெட் கேன்சல் ஆனால் வெயிட்டிங் லிஸ்டில் யார் முன்னால் வருவார் என்பதையெல்லாம் முதலில் யோசித்துவிட்டுத்தான் எழுத உட்கார வேண்டும்.

படி 2: ஒரே ஒரு மொழி

ஜாவா, பைத்தான், சி ப்ளஸ் ப்ளஸ், எது வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் ஒன்றுதான். ரெஸ்யூமில் ஏழு மொழி எழுதியிருந்தால் நான் ஏழிலும் கேட்கலாம் என்று அர்த்தம். எடுத்த மொழியில் அடிப்படையைத் தோண்டிப் படியுங்கள். ஜாவா என்றால் ஸ்ட்ரிங்கை ஏன் மாற்ற முடியாது, இரட்டைச் சமக்குறிக்கும் ஈக்வல்ஸுக்கும் என்ன வித்தியாசம், முழு எண்ணை வைக்கும் இன்டில் எவ்வளவு பெரிய எண் வரை வைக்கலாம்.

கடைசிக் கேள்வி சின்ன விஷயமாகத் தெரியும். ஜாவா இன்டின் எல்லை 2147483647, அதாவது சுமார் 214 கோடி. அதைத் தாண்டினால் எண் மைனஸுக்குப் போய்விடும். வரிசைப்படுத்திய லிஸ்டைப் பாதி பாதியாக வெட்டித் தேடும் பைனரி சர்ச்சில் நடு இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம் இல்லையா, அந்தக் கூட்டல் மிகப் பெரிய அர்ரேயில் (வரிசையாக அடுக்கிய எண்களில்) எல்லையைத் தாண்டிவிடும். இந்தத் தவறு ஜாவாவின் சொந்த லைப்ரரியிலேயே ஏறக்குறைய ஒன்பது வருடம் இருந்தது என்று அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006ல் வெளிப்படையாகச் சொன்னார். கீழ் முனையோடு இடைவெளியில் பாதியைக் கூட்டினால் பிரச்சினை தீர்ந்தது. இந்தக் கதையை ஒரு ஃப்ரெஷர் சொன்னால் எனக்கு உடனே நிமிர்ந்து உட்காரத் தோன்றும்.

படி 3: எழுபது கணக்கு, ஒவ்வொன்றும் மூன்று தடவை

ஐந்நூறு கணக்கு லிஸ்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அர்ரே, ஸ்ட்ரிங், ஹேஷ்மேப் (ஒரு கீயைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பை உடனே எடுத்துத் தருவது), ஸ்டாக், க்யூ, லிங்க்டு லிஸ்ட், பைனரி ட்ரீ, பிறகு அதில் அகலவாக்கிலும் ஆழவாக்கிலும் தேடுவது. முதல் வேலைக்கு இவ்வளவுதான் பெரும்பாலும் வரும். லீட்கோடு, ஹேக்கர்ரேங்க் போன்ற பயிற்சித் தளங்களில் இந்தத் தலைப்புகளில் எளிதும் நடுத்தரமுமாக எழுபது எடுங்கள். இன்று ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் வெறும் பேப்பரில் ஆரம்பியுங்கள். முப்பது நிமிடம் முட்டியும் வரவில்லை என்றால் விடையைப் பார்க்கலாம், தப்பில்லை, ஆனால் மூடி வைத்துவிட்டு நீங்களே எழுத வேண்டும்.

படி 4: வாய்விட்டுப் போடுவது

இதுதான் இந்தப் பதிவையே எழுத வைத்த விஷயம், அதனால் ஒரே ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான். ஓர் அர்ரேயில் 4, 9, 2, 7 என்று நான்கு எண்கள். எந்த இரண்டைக் கூட்டினால் 11 வரும், அவற்றின் இடங்களைச் சொல்ல வேண்டும்.

கேள்வியைக் கேட்டதும் கீபோர்டில் கை வைக்காதீர்கள். முதலில் கேள்வியை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். அப்புறம் சந்தேகம் கேளுங்கள்: மைனஸ் எண்கள் வருமா, ஒரே எண் இரண்டு முறை வருமா, விடையே இல்லை என்றால் என்ன திருப்பித் தர வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடி இருந்தால்? இதெல்லாம் நேரம் கடத்தக் கேட்பது போல இருக்கும். கொஞ்சம் பொறுங்கள், ஏன் கேட்கச் சொல்கிறேன் என்று கீழே தெரியும்.

அடுத்து, மிக எளிய வழியைச் சொல்லுங்கள். "ஒவ்வொரு எண்ணையும் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லா எண்ணோடும் கூட்டிப் பார்ப்பேன்." 4ம் 9ம் 13, இல்லை. 4ம் 2ம் 6, இல்லை. 4ம் 7ம் 11, கிடைத்துவிட்டது, இடங்கள் 0, 3 (இடங்களை 0 முதல் எண்ணுகிறோம்). நன்றாக வேலை செய்கிறது. ஆனால் நான்குக்குப் பதில் ஒரு லட்சம் எண் இருந்தால் கிட்டத்தட்ட 500 கோடி ஜோடிகளைப் பார்க்க வேண்டி வரும். அந்தக் கணக்கையும் நீங்களே வாயால் சொல்லுங்கள், நான் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

இப்போது நல்ல வழி. "எண்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போவேன். 4 வந்தால் எனக்குத் தேவை 7. இதுவரை 7ஐப் பார்த்தேனா? இல்லை. 4ஐ அதன் இடத்தோடு ஹேஷ்மேப்பில் போட்டு வைக்கிறேன். 9 வந்தால் தேவை 2, இல்லை, போட்டு வைக்கிறேன். 2 வந்தால் தேவை 9, இருக்கிறது!" விடை 1, 2. லட்சம் எண் இருந்தாலும் ஒரே நடையில் முடிந்துவிடும், அதற்கு விலையாகக் கொஞ்சம் நினைவகம் போகிறது.

கவனித்தீர்களா? ஒரே அர்ரே, இரண்டு வழியும் சரி, ஆனால் விடை வேறு வேறு! முதல் வழி 4, 7 என்கிறது, இரண்டாவது வழி 9, 2 என்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடி இருந்தால் என்ன செய்வது என்று ஆரம்பத்திலேயே கேட்டவருக்கு இங்கே ஒரு பதற்றமும் இல்லை. கேட்காதவர் தன் கோடு தப்போ என்று நினைத்துச் சரியான கோடை அழித்துத் திரும்ப எழுத ஆரம்பிப்பார், நான் பலமுறை பார்த்திருக்கிறேன், பார்க்கவே மனது கஷ்டமாக இருக்கும்.

இன்னொரு பொறியும் இதில் இருக்கிறது. தேடிப் பார்த்துவிட்டுத்தான் எண்ணைப் போட்டு வைக்க வேண்டும். முதலில் போட்டு வைத்தால், கேட்ட கூட்டுத்தொகை 8 என்று வையுங்கள், 4 வந்ததும் தேவை 4, அது இருக்கிறது என்று தன்னையே ஜோடியாக எடுத்துக்கொள்ளும். எழுதி முடித்ததும் இப்படி ஒரு சோதனையை நீங்களே சொல்லிக் கையால் ஓட்டிக் காட்டுங்கள். பெரும்பாலும் அதற்கு அடுத்த கேள்வி "ஹேஷ்மேப் உள்ளே எப்படி வேலை செய்கிறது?" என்பதாகத்தான் இருக்கும். கீயிலிருந்து ஒரு ஹேஷ் எண், அந்த எண்ணை வைத்து ஒரு பக்கெட், இரண்டு கீ ஒரே பக்கெட்டில் விழுந்தால் சங்கிலியாகக் கோர்ப்பது, ஜாவா 8 முதல் ஒரு பக்கெட்டில் அளவுக்கு மேல் சேர்ந்தால் அதை மரமாக மாற்றிக்கொள்வது, இவ்வளவு சொன்னால் போதும்.

வீட்டில் இதை எப்படிப் பழகுவது? போனில் வாய்ஸ் ரெக்கார்டரைப் போட்டுவிட்டுக் கணக்கைப் போடுங்கள். திரும்பக் கேட்கும்போது எங்கே நீண்ட மௌனம் வருகிறதோ அங்கேதான் உங்களுக்கு விஷயம் புரியவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு நண்பரை எதிரில் உட்கார வைத்து மாற்றி மாற்றிக் கேள்வி கேளுங்கள். கேட்கிறவர் இடத்தில் இருப்பதும் பயிற்சிதான்.

படி 5: ஆங்கிலம்

தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்காக இதைத் தனியாகச் சொல்கிறேன். யோசனை தமிழிலேயே ஓடட்டும், அதில் ஒரு குறையும் இல்லை. பேசுவதற்குப் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களை மட்டும் நாக்கில் பழக்கி வையுங்கள்: "ஃபர்ஸ்ட் ஐ வில் ட்ரை தி சிம்பிள் வே", "கேன் த இன்புட் பி எம்ப்டி?", "ஐ ஆம் நாட் ஷ்யூர், பட் ஐ திங்க்". இந்த மாதிரி. இலக்கணம் தடுக்கினாலும் டெக்னிக்கல் சுற்றில் பெரும்பாலும் யாரும் மார்க் குறைப்பதில்லை. சென்னையிலும் கோவையிலும் எதிரில் இருப்பவர் தமிழராக இருந்தால் "தமிழில் கலந்து சொல்லட்டுமா?" என்று கேட்டே விடுங்கள். நான் எப்போதும் சரி என்றுதான் சொல்கிறேன்.

படி 6: ப்ராஜெக்ட்

கடைசி வருட ப்ராஜெக்டை ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியிருந்தால், தயவுசெய்து அதை ரெஸ்யூமில் பெரிதாகப் போடாதீர்கள். "ஏன் இந்த டேட்டாபேஸ்?" என்ற ஒரே கேள்வியில் தெரிந்துவிடும். அதற்குப் பதில் ஹாஸ்டல் மெஸ் கணக்கு, அப்பா கடையின் கடன் நோட்டு, இப்படி உங்கள் கண்முன்னால் இருக்கும் ஒன்றை நீங்களே சிறியதாகச் செய்யுங்கள். கோடைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் ஏற்றி வையுங்கள், ஒரே நாளில் மொத்தமாக ஏற்றாமல் செய்யச் செய்ய கமிட் போடுங்கள். எங்கே உடைந்தது, எப்படிச் சரி செய்தீர்கள் என்று இரண்டு நிமிடம் பேச முடிந்தால் அது பத்து ப்ராஜெக்டுக்குச் சமம்.

படி 7: மற்ற அடிப்படைகள்

டேட்டாபேஸில் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் ஜாயின் வகைகள், குரூப் பை, வேர் நிபந்தனைக்கும் ஹேவிங் நிபந்தனைக்கும் வித்தியாசம். "இரண்டாவது பெரிய சம்பளம்" கண்டிப்பாகப் போட்டுப் பாருங்கள். 50000, 50000, 40000 என்று மூன்று சம்பளம் இருந்தால் இரண்டாவது எது? இங்கேயும் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். பிறகு, ப்ரவுசரில் ஒரு முகவரியை டைப் செய்தால் என்ன நடக்கிறது என்பதை டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு ஐபி எண்ணைத் தேடித் தருவது) தொடங்கிப் பக்கம் திரையில் வருவது வரை வரிசையாகச் சொல்லத் தெரிய வேண்டும். ஓஓபியின் (ஆப்ஜெக்ட் ஓரியன்டட் ப்ரோக்ராமிங்) நான்கு கருத்துகளை மனப்பாட வரையறையாகச் சொல்லாமல் உங்கள் மெஸ் கணக்கு ப்ராஜெக்டிலிருந்தே உதாரணம் காட்டுங்கள்.

படி 8: அன்றைய நாள்

ஆன்லைன் இன்டர்வியூ என்றால் சார்ஜ் முழுதாக இருக்கட்டும், கரண்ட் போனால் போனின் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும். பக்கத்துத் திரையில் ஏஐயைத் திறந்து வைத்துப் படிக்காதீர்கள். கண் போகும் திசையும் திடீரென்று மாறும் பேச்சும் எங்களுக்கு நன்றாகவே தெரிகிறது, அப்புறம் நீங்கள் உண்மையாகவே தெரிந்து சொன்னதையும் நம்ப முடியாமல் போகிறது. தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்த எல்லை வரை யோசித்துக் காட்டுங்கள். எதிரில் இருப்பவர் ஒரு துப்புக் கொடுத்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது உதவி செய்யத்தான் கொடுப்பது.

இந்த அவசரத்தில் ஒன்றை மறக்க வேண்டாம். பேக்டோர் வேலை என்று ஒரு லட்சம், இரண்டு லட்சம் கேட்பவர்களுக்கும், டெபாசிட் கட்டச் சொல்லும் கன்சல்டன்சிகளுக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வேலை கொடுக்கிற கம்பெனி உங்களிடம் காசு கேட்காது. ஆஃபர் லெட்டரில் பாண்ட் இருந்தால் எத்தனை வருடம், நடுவில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

இன்டர்வியூ முடிந்த அன்று இரவே ஒரு நோட்டை எடுத்து, கேட்ட கேள்விகளை எல்லாம் நினைவிலிருந்து எழுதுங்கள். இரண்டு நாள் விட்டால் மறந்துவிடும். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரில் நீங்கள் என்ன சொன்னீர்கள், எங்கே நின்றீர்கள் என்று ஒரு வரி. மறுநாள் காலை அந்த நின்ற இடத்தை மட்டும் எடுத்து, ரெக்கார்டரைப் போட்டு, மறுபடி வாய்விட்டுப் போட்டுப் பாருங்கள்.