முழுவதும் மடங்கும் அலுவலக மடிக்கணினி: வாங்கும் முன் சோதிக்கும் முறை

திரையைப் பின்புறமாக மடக்கிச் சிலேட்டைப்போல் கையில் பிடிக்கக்கூடிய உயர்விலை மடிக்கணினியில் நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் கீலுக்கும் தொடுதிரைக்கும் பேனாவுக்கும் போகிறது. எனவே, செயலியின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால், நாளொன்றுக்கு எத்தனை நிமிடம் திரையில் பேனாவால் எழுதப்போகிறோம் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒப்பந்த வரைவில் திருத்தம் போடும் வழக்கறிஞருக்கும், கட்டட வரைபடத்தில் குறியிடும் பொறியாளருக்கும் இந்த வகை உண்மையிலேயே உதவும். நாள் முழுவதும் எக்ஸெல்லிலும் மின்னஞ்சலிலும் இருப்பவர், அதே பணத்தில் கூடுதல் நினைவகம் (ரேம்) உள்ள சாதாரண மடிக்கணினியை வாங்கிக்கொள்வதே நல்லது.

லெனோவாவின் திங்க்பேட் எக்ஸ்1 யோகா வரிசையை எடுத்துக்கொள்வோம். 2016இல் வந்த அதன் முதல் தலைமுறையில், திரையை மடக்கும்போது விசைகளும் அவற்றைச் சுற்றியுள்ள சட்டமும் ஒரே மட்டத்துக்கு வந்து, விசைகள் அசையாமல் நின்றுவிடும். சிலேட்டாகப் பிடிக்கையில் விரலுக்கடியில் எதுவும் நெருடாது. பல மாதிரிகளில் மடக்கியதும் விசைப்பலகையின் இயக்கம் மட்டுமே நிற்கும், விசைகள் விரலில் தட்டுப்பட்டுக்கொண்டேதான் இருக்கும். கடையில் நிற்கும்போது இதைச் சோதித்துவிட வேண்டும். கணினியை மேசையில் வைத்து, திரையை வழக்கமான சாய்வில் நிறுத்தி, அதன் மேல்மூலையை விரலால் தொட்டால் ஆட்டம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பாருங்கள். தொட்டவுடன் நின்றுவிடும் கீல்தான் நல்ல கீல். பிறகு முழுவதும் மடக்கி, ஒரு முன்கையில் தாங்கிக்கொண்டு பத்து நிமிடம் நின்றபடியே எழுதிப் பாருங்கள். 14 அங்குலக் கணினி பெரும்பாலும் 1.3 கிலோவுக்கு மேல் இருக்கும். பைக்குள் அது இலகுவான எடைதான், ஆனால் முன்கையில் பத்தாவது நிமிடம் அது வேறு எடையாகிவிடுகிறது.

பேனாச் சோதனைக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அழுத்த நிலைகள் (பேனாவை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைத் திரை பிரித்தறியும் படிகள்) 4096 என்று விளம்பரத்தில் இருப்பதைக் கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. ஒரு அளவுகோலைத் திரைமேல் மூலைக்கு மூலை சாய்வாக வைத்து, பேனாவை மிக மெதுவாக இழுத்தால், சரியில்லாத திரையில் நேர்கோடு நெளிநெளியாக விழும். அடுத்து, தாளில் எழுதும் அளவிலேயே 'ழ', 'ண', 'ணை', 'ஞ' ஆகியவற்றை எழுதிப் பாருங்கள். நம் எழுத்துகளில் சுழிகள் நெருக்கமாக இருப்பதால், நுனிக்கும் மைக்கும் இடையே சிறு விலகல் இருந்தாலும் 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உள்ளங்கையைத் திரையில் ஊன்றியே எழுதுங்கள். கை பட்ட இடத்தில் பக்கம் நகர்ந்தாலோ புள்ளி விழுந்தாலோ அந்தக் கணினி எழுதுவதற்கு உதவாது. எக்ஸ்1 யோகாவின் பல தலைமுறைகளில் பேனா கணினியின் உடலுக்குள்ளேயே செருகி நிற்கும், உள்ளே இருக்கும்போதே சார்ஜும் ஏறும். இது தொலையாது என்றாலும் மெலிந்த பேனா; பக்கம் பக்கமாக எழுதுபவர்கள் பருமனான பேனாவையும் பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

திரையின் அகல-உயர விகிதம் 16:10 ஆக இருப்பது நல்லது. 16:9 திரையை நிமிர்த்திப் பிடித்தால் பக்கம் ரிப்பன்போல் ஒடுங்கித் தெரியும். பளபளப்பான தொடுதிரை சன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியாகிவிடும் என்பதால், திரையின் ஒளிர்வைக் குறிக்கும் நிட் அளவைப் படிப்பதோடு நில்லாமல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தும் பாருங்கள்.

மின்கலத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. 57 வாட்-மணி மின்கலமுள்ள கணினி சராசரியாக 8 வாட் எடுத்தால் ஏழு மணி நேரம் ஓடும். காணொளிக் கூட்டத்தில் 15 வாட் எடுத்தால் நான்கு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். உறக்க நிலையையும் இதோடு சேர்த்தே சோதிக்க வேண்டும், ஏனெனில் இப்போதைய விண்டோஸ் கணினிகளில் பல உறங்கும்போதும் பாதி விழித்தே இருக்கின்றன. நான் முன்பு வைத்திருந்த கணினி ஒன்று, மூடிப் பைக்குள் வைத்த பின்னும் ஓடிக்கொண்டிருந்து, ரயிலிலிருந்து இறங்கி எடுத்தபோது கைசுடும் சூட்டில், 11 சதவீத மின்சாரத்தோடு இருந்தது. திருப்பிக் கொடுக்கும் காலத்துக்குள், ஓர் இரவு மூடி வைத்து, காலையில் எத்தனை சதவீதம் குறைந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வகையில் நினைவகம் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், பின்னர் கூட்ட முடியாது. நான்கைந்து ஆண்டுகள் வைத்திருப்பதானால் 16 ஜிபிக்குக் குறைந்து வாங்க வேண்டாம், 32 கிடைத்தால் நிம்மதி. பழைய கணினியாக வாங்குபவர்கள் தலைமுறையையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. எக்ஸ்1 யோகாவின் முதல் இரண்டு தலைமுறைகளின் இன்டெல் செயலிகள் விண்டோஸ் 11 ஆதரிக்கும் செயலிகளின் பட்டியலில் இல்லை.

கடைசியாக உத்தரவாதத்தைக் கேளுங்கள். தொடுகண்ணாடியும் திரையும் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும் கணினியில், கண்ணாடியில் விரிசல் விட்டால் இரண்டையும் சேர்த்தே மாற்ற நேரிடும். விற்பவரிடம் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: பழுதுபார்ப்பவர் நம் இடத்துக்கே வருவாரா, கைதவறி விழுந்த சேதம் அதில் அடங்குமா, பேனாவுக்கும் மின்கலத்துக்கும் எத்தனை மாதம்.