மாறி என்பது டப்பா இல்லை, பெயர்: பைத்தானில் செய்து பார்ப்போம்

நிரல் எழுதப் பழகுபவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது, மாறி என்பது ஒரு டப்பா, அதற்குள் மதிப்பைப் போட்டு வைக்கலாம் என்பதுதான். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஒருமுறை ஒரு வகுப்பின் மதிப்பெண் பட்டியலை நகல் எடுத்து, நகலில் மட்டும் திருத்தினேன். பார்த்தால் அசலும் சேர்ந்து மாறியிருந்தது. டப்பாவை மனதில் வைத்துக்கொண்டு எவ்வளவு யோசித்தும் காரணம் பிடிபடவில்லை. ஒரு நாள் முழுக்கப் போனது. அந்த நாள் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கணினியில் பைத்தான் 3 என்ற நிரல் மொழி இருந்தால் போதும். அதோடு கூடவே வரும் ஐடில் (IDLE) என்ற, கட்டளைகளைத் தட்டிப் பார்க்கும் சாளரத்தைத் திறந்துகொள்ளுங்கள். 2008இல் வெளிவந்த பைத்தான் 3 முதல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அதனால் கீழே உள்ளதை அப்படியே தட்டலாம். >>> என்ற குறி தானாக வரும். அதை அடிக்க வேண்டாம்.

முதல் படி: பெயரைக் கட்டுவோம்

>>> விலை = 40
>>> விலை
40

சமன் குறி உள்ள வரியை வலப்பக்கத்திலிருந்து படியுங்கள். முதலில் வலப்பக்கம் என்ன என்று பைத்தான் பார்க்கிறது. 40 என்ற எண் நினைவகத்தில் ஓரிடத்தில் இருக்கிறது. அப்புறம்தான் இடப்பக்கம் உள்ள 'விலை' என்ற பெயர்ச்சீட்டு அதில் கட்டப்படுகிறது. இப்படிக் கட்டுவதைத்தான் பெயர்ப் பிணைப்பு என்கிறோம்.

இன்னும் கட்டாத ஒரு பெயரைக் கூப்பிட்டுப் பாருங்கள். 'லாபம்' என்று மட்டும் தட்டினால் சிவப்பு எழுத்தில் நேம்எரர் (NameError), அதாவது இப்படி ஒரு பெயர் இல்லை என்ற பிழைச் செய்தி, வரும். காலி டப்பா என்று ஒன்று பைத்தானில் கிடையாது. எதிலாவது கட்டிய பிறகுதான் பெயர் என்பதே இருக்கிறது.

இரண்டாம் படி: அவிழ்த்து வேறிடத்தில் கட்டுவோம்

>>> பழைய_விலை = விலை
>>> விலை = விலை + 5
>>> விலை
45
>>> பழைய_விலை
40

'விலை = விலை + 5' என்று கணக்கு நோட்டில் எழுதினால் தப்பு. இங்கே அது சமன்பாடு இல்லை, கட்டளை. வலப்பக்கம் 45 வருகிறது. 'விலை' என்ற சீட்டு 40லிருந்து அவிழ்ந்து 45இல் போய்க் கட்டிக்கொள்கிறது. 40க்கு ஒன்றும் ஆகவில்லை. 'பழைய_விலை' இன்னமும் அதில்தான் தொங்குகிறது. (பாஸ்கல் மொழியில் இதற்கென்றே := என்று தனிக் குறி உண்டு. புதிதாகப் படிப்பவருக்கு அதுவே நல்லது என்பது என் எண்ணம்.)

மூன்றாம் படி: ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்

என் ஒரு நாளை விழுங்கிய இடம் இதுதான். மெதுவாகச் செய்யுங்கள். சதுர அடைப்புக்குள் இருப்பது பட்டியல். அதன் இடங்களை பைத்தான் 0 முதல் எண்ணும், அதனால் [0] என்றால் முதல் இடம்.

>>> மதிப்பெண் = [72, 85, 90]
>>> நகல் = மதிப்பெண்
>>> நகல்[0] = 35
>>> மதிப்பெண்
[35, 85, 90]

பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் கார்த்திகேயன் என்று இருக்கும் பையனை வீட்டில் குட்டி என்று கூப்பிடுகிறார்கள். குட்டிக்கு மொட்டை போட்டால் மறுநாள் பள்ளிக்கு வரும் கார்த்திகேயனும் மொட்டைதான். இரண்டு பெயர், ஆள் ஒருவன்.

'நகல் = மதிப்பெண்' என்ற வரியில் எந்தப் பட்டியலும் நகலாகவில்லை. ஏற்கெனவே இருந்த பட்டியலில் இன்னொரு சீட்டு கட்டப்பட்டது, அவ்வளவுதான். இரண்டாம் படியில் நாம் சீட்டை அவிழ்த்தோம். இங்கே சீட்டைத் தொடாமல், அது கட்டியிருக்கும் பொருளையே மாற்றினோம். இந்த வேறுபாடு பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

எண்களில் இந்தச் சிக்கல் வராததற்குக் காரணம், எண்ணை உள்ளே புகுந்து மாற்ற வழியே இல்லை. 40ஐ 41 ஆக்க முடியாது. சீட்டை 41க்கு நகர்த்தத்தான் முடியும். பட்டியலை உள்ளே மாற்றலாம்.

நான்காம் படி: உண்மையான நகல்

>>> நகல் = மதிப்பெண்[:]
>>> நகல்[0] = 100
>>> மதிப்பெண்
[35, 85, 90]

[:] என்பது முதலிலிருந்து கடைசி வரை எடுத்துப் புதிய பட்டியலாகக் கொடு என்று கேட்பது. இப்போது ஆட்கள் இருவர்.

ஒரே வேலை போலத் தெரியும் இரண்டு வரிகளையும் இங்கே பிரித்துப் பார்த்துவிடுங்கள். 'நகல் = நகல் + [50]' புதிய பட்டியல் ஒன்றை உண்டாக்கி, சீட்டை அதற்கு நகர்த்தும். 'நகல் += [50]' இருக்கிற பட்டியலின் வாலிலேயே 50ஐச் சேர்க்கும். அந்தப் பட்டியலுக்கு வேறு பெயர்களும் இருந்தால் அவற்றின் வழியாகவும் 50 தெரியும்.

அப்படியானால் டப்பா என்று சொன்னவர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. சி மொழியில் அது சரிதான். அங்கே ஒரு முழு எண் மாறியை அறிவித்தால், இன்றைய பெரும்பாலான கணினிகளில் அதற்கென்று 4 பைட் இடம் ஒதுக்கப்படும். ஒரு மாறியை இன்னொன்றுக்குக் கொடுத்தால் மதிப்பு நகலாகிப் போய் உட்காரும். அந்தப் படத்தை அப்படியே பைத்தானுக்குத் தூக்கிவந்ததுதான் பிரச்சினை.

ஐந்தாம் படி: மூன்று வரிசை, மூன்று கட்டம்

கட்ட விளையாட்டுக்குப் பலகை தயார் செய்யும்போது பலர் சிக்கும் இடம் இது. [0] * 3 என்றால் [0, 0, 0] என்ற பட்டியல்.

>>> பலகை = [[0] * 3] * 3
>>> பலகை[0][0] = 1
>>> பலகை
[[1, 0, 0], [1, 0, 0], [1, 0, 0]]

ஒரு கட்டத்தில்தான் 1 போட்டோம். மூன்று வரிசையிலும் வந்துவிட்டது. ஒரு தாளை எடுத்துப் படம் போட்டுப் பாருங்கள். பட்டியலின் ஒவ்வோர் இடமும் பெயரைப் போலவே ஒரு பொருளைச் சுட்டுகிறது. வெளியே உள்ள * 3 புதிய வரிசைகளைச் செய்யவில்லை. ஒரே வரிசையை மூன்று இடங்களிலும் கட்டியது. வரிசைகளைத் தனித்தனியாக எழுதினால் சரியாகிவிடும்.

>>> பலகை = [[0] * 3, [0] * 3, [0] * 3]
>>> பலகை[0][0] = 1
>>> பலகை
[[1, 0, 0], [0, 0, 0], [0, 0, 0]]

உள்ளே இருக்கும் [0] * 3 மட்டும் ஏன் தொல்லை தரவில்லை? அங்கேயும் ஒரே 0 தான் மூன்று இடங்களில் கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் 0ஐ உள்ளே புகுந்து மாற்ற முடியாதே.