வேலூரிலிருந்து சிறு மீனவரிடம் நேரடியாக மீன் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலுக்கு எட்டாத தொலைவில் இருக்கும் வேலூர், காட்பாடி, குடியாத்தம் பகுதியினர் நான்கைந்து குடும்பமாகச் சேர்ந்து, காசிமேட்டிலோ பழவேற்காட்டிலோ சிறு படகு வைத்திருக்கும் மீனவரிடமிருந்து நேரடியாக மீன் வரவழைப்பது, அவருக்கு நல்ல விலையையும் நமக்குப் புது மீனையும் தரும் ஏற்பாடு. ஆனால் இடையில் இருந்த வியாபாரி விலகும்போது அவர் செய்துவந்த வேலைகளும் விலகிவிடுவதில்லை. ஐஸ் போடுவது, தரம் பிரிப்பது, மீன் படாத நாளின் இழப்பைத் தாங்குவது எல்லாம் வாங்குபவரின் பொறுப்பாகின்றன. இதை உணராததால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

மீன் கடையில் சொல்வதுபோல, ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று கிலோ வஞ்சிரம் வேண்டும் என்று கேட்பது அவற்றில் ஒன்று. ஃபைபர் படகின் வலையில் அன்றைக்கு எது பட்டதோ அதுதான் கரைக்கு வரும். காற்று எழும்பினால் படகே இறங்காது. எனவே மீனின் பெயரைச் சொல்லாமல் தொகையைச் சொல்லி, நெத்திலியோ காரப்பொடியோ மடவையோ கிடைத்ததை அனுப்பச் சொல்வதே முறை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் கடல்மீனே வராது என்று எண்ணுவதும் தவறு. அந்தத் தடை விசைப்படகுகளுக்கும் இழுவலைப் படகுகளுக்கும் உரியது. கட்டுமரமும் சிறு நாட்டுப்படகும் அப்போதும் கடலுக்குப் போகின்றன.

படகுக்கும் வலைக்கும், கரையில் மீனை ஏலம் விடும் ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கியிருக்கும் மீனவர்கள் பலர், அந்தக் கடன் தீரும்வரை அவர் வழியாகவே மீனை விற்கக் கட்டுப்பட்டவர்கள். இதை அறியாமல் முழு மீனையும் நமக்கே தரும்படி வற்புறுத்துவது மீனவரைச் சங்கடத்தில் தள்ளும். அவர் தாமாக விற்கக்கூடிய பங்கு எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு ஐஸில் சிக்கனம் பார்ப்பது. சென்னையிலிருந்து வேலூர் சுமார் 140 கிலோமீட்டர். கோடையில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் நொறுக்கிய ஐஸை மீனோடு அடுக்கடுக்காக இட்டு, உருகும் நீர் பெட்டியில் தேங்காமல் வடிய வழி செய்ய வேண்டும். மத்தி, கானாங்கத்தை, சூரை ஆகியவற்றில் கூடுதல் கவனம் தேவை. அவற்றின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. குளிர்ச்சி குறைந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். குழம்பாகக் கொதித்தாலும் எண்ணெயில் பொரிந்தாலும் ஹிஸ்டமின் அழியாது என்பதோடு, மீனின் நாற்றத்தை வைத்தும் அதைக் கண்டுபிடித்துவிட முடியாது. உண்டவருக்கு முகம் சிவந்து, தோல் தடித்து, தலைவலியும் வரும். மீனே தமக்கு ஒவ்வாது என்று அவர் காலமெல்லாம் நினைத்துக்கொள்வதும் உண்டு.

வசதியாக இருக்குமென்று துண்டு போட்டு அனுப்பச் சொல்வதும் வேண்டாம். வெட்டுப்பட்ட பரப்பு கூடக்கூட மீன் விரைவில் கெடும். கண்ணின் பளபளப்பையும் செவுளின் சிவப்பையும் பார்த்துப் புதுமையை அறியும் வாய்ப்பும் போய்விடும். பெரிய மீனில் குடலை மட்டும் நீக்கச் சொன்னால் போதும். இறாலைத் தலையும் தோலும் நீக்கினால் எடை ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்பதால், எந்த எடைக்கு விலை என்பதை முன்னரே பேசிவிட வேண்டும். வயிற்றின் வெளியே சினை தெரியும் நண்டையும் விரலளவுக் குஞ்சு மீனையும் மலிவு என்று கேட்காதீர்கள். அவை அடுத்த ஆண்டு அதே வலைக்கு வர வேண்டிய மீன்கள்.

நேரடியாக வாங்குவதால் அடிமாட்டு விலைக்குக் கிடைக்க வேண்டும் என்று பேரம் பேசுவது இந்த ஏற்பாட்டையே குலைத்துவிடும். அன்றைய கரை ஏல விலைக்கும் வேலூர் மார்க்கெட் விலைக்கும் நடுவில் ஒரு விலையை ஒப்புக்கொண்டு, பெட்டிக்கும் வண்டிக்கும் ஆகும் செலவைத் தனியே ஏற்று, மீன் வந்து சேர்ந்த அன்றே பணத்தை அனுப்பிவிட வேண்டும். மறுநாள் படகு இறங்குவதற்கான எரிபொருளை அவர் அந்தப் பணத்தில்தான் வாங்குகிறார்.